எஞ்சிய நிலம்: அரிட்டாபட்டி ஆவணங்களில் அரசு அறிவியலும் சூழல் நீதியும்

ஆய்வுச் சுருக்கம்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2024ஆம் ஆண்டு ஏலம் விடப்பட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, மக்கள் எதிர்ப்பின் விளைவாக 2025 சனவரி 23 அன்று கைவிடப்பட்டது. இந்நிகழ்வு பெரும்பாலும் மக்கள் போராட்டத்தின் வெற்றியாகவும் தொன்மை மீட்பாகவும் எழுதப்பட்டுள்ளது. அரசு அறிவியல் இதில் ஆற்றிய பங்கு போதிய கவனம் பெறவில்லை. ஒரே நிலத்தைக் குறித்து அரசு நிறுவனங்கள் வெளியிட்ட அறிவிப்புகளை ஒப்புநோக்கி, அரியவற்றை மட்டும் எண்ணும் அளவை முறை எளிய நிலத்தை எவ்வாறு மிச்சமாக்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சூழல் நீதி, அரசு அறிவியல், அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, பல்லுயிர் பாரம்பரியத் தலம், கருப்பொருள், அடங்கல்

முன்னுரை

அழகர்மலைக்கும் மேலூருக்கும் இடைப்பட்ட சமவெளியில் குன்றுகளும் கண்மாய்களும் வயல்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இச்சமவெளியின் 2015.51 எக்டேர் பரப்பு நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்னும் பெயரில் ஒன்றியச் சுரங்க அமைச்சகத்தால் ஏலத்திற்குக் கொண்டுவரப்பட்டது. 2024 நவம்பர் 7 அன்று வேதாந்தா குழுமத்தைச் சார்ந்த இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் முன்னுரிமை ஏலதாரராக அறிவிக்கப்பட்டது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் 13 உயிர்களைப் பறித்த துப்பாக்கிச் சூட்டின் நினைவு மறையாத தென்மாவட்டங்களில், அக்குழுமத்தின் பெயரே செய்தியை ஊர்தோறும் கொண்டுசேர்க்கப் போதுமானதாக இருந்தது. கிராம சபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம், 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சல் நிலையத்தை நோக்கி நடந்த உழவர் பேரணி ஆகியவற்றைத் தொடர்ந்து சனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்பட்டது.

இந்நிகழ்வுக்கு இரண்டு பெயர்கள் உள்ளன. ஏல ஆவணம் அந்நிலத்தை நாயக்கர்பட்டி என்று அழைத்தது. மக்களும் இதழ்களும் சட்டமன்ற உரைகளும் அரிட்டாபட்டி என்று அழைத்தன. இப்பெயர் வேறுபாடு தற்செயலானதன்று. நாயக்கர்பட்டி எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு வேளாண் சிற்றூர். அரிட்டாபட்டியோ தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். சமணப் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் கொண்ட ஊர். போராட்டம் எந்தப் பெயரால் அறியப்பட்டதோ அந்தப் பெயருக்குப் பின்னால் அரசின் அறிவியல் பதிவு ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஏலம் எந்தப் பெயரால் நடந்ததோ அந்தப் பெயருக்குப் பின்னால் புவியியல் குறிப்பைத் தவிர வேறு அறிவியல் பதிவு எதுவும் பொதுவிவாதத்தில் பேசப்படவில்லை. சூழல் நீதியில் அரசு அறிவியலின் இடம் என்ன என்ற வினாவை இவ்விரு பெயர்களுக்கு இடையிலிருந்து எழுப்புவதே பொருத்தமாகும்.

ஒரு நிலம், இரண்டு அளவைகள்

முதல் அளவை புவியியல் சார்ந்தது. 1851இல் தொடங்கப்பெற்ற இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, நாட்டின் தொன்மையான அறிவியல் நிறுவனங்களுள் ஒன்று. அத்துறை ஆய்ந்து எழுதிய புவியியல் குறிப்பு 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசிடம் அளிக்கப்பட்டது. கனிமத் தேடல் ஜி4 என்னும் முதல்நிலைத் தேடல் தொடங்கி ஜி1 என்னும் முழுமையான தேடல் வரை நான்கு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. தேடல் உரிமமும் சுரங்கக் குத்தகையும் இணைந்த கூட்டு உரிமத்தை முதல் படியிலேயே ஏலம் விட விதிகள் இடமளிக்கின்றன. எனவே நாயக்கர்பட்டித் தொகுதி போன்ற ஒன்று ஏலத்திற்கு வரும்போது, நிலத்தின் அடியில் கனிமம் இருக்கக்கூடும் என்பதற்கான சான்று உண்டு. நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதற்கான ஆய்வு பின்னர் வரும். இந்த முன்பின் வரிசையே இங்கு முதன்மையான சிக்கல். ஆய்வாளர் ஒருவரின் நேர்மையோ திறமையோ இதில் ஐயத்திற்குரியதன்று. வினாவின் வரிசையை வகுத்தது ஆட்சித்துறை; விடை சொன்னது மட்டுமே அறிவியல்.

2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத் திருத்தம், 24 முக்கியக் கனிமங்களை முதல் அட்டவணையின் டி பகுதியில் சேர்த்து, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் ஒப்படைத்தது. டங்ஸ்டன் அவற்றுள் ஒன்று. கடினக் கருவிகள், துளைப்பான்கள், படைக்கலங்கள் ஆகியவற்றுக்கு இன்றியமையாத இவ்வுலோகத்தின் உலக உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவிடம் உள்ளது. ஆகவே இது குறித்த நாட்டு நலன் வாதம் பொய்யானதன்று. அது மெய்யான வாதமாக இருப்பதனாலேயே அதற்கு எதிர்நிற்கும் வாதம் வெறும் உணர்ச்சியாக இருந்துவிட முடியாது. அதுவும் அளக்கப்பட்டதாக, எண்ணப்பட்டதாக இருக்க வேண்டியுள்ளது.

இரண்டாம் அளவை உயிரியல் சார்ந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ், அரிட்டாபட்டியில் 139.635 எக்டேரும் மீனாட்சிபுரத்தில் 53.580 எக்டேரும் சேர்ந்த 193.215 எக்டேர் பரப்பைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏறத்தாழ 250 பறவை இனங்கள், லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு என அவ்வறிவிப்பு பட்டியலிடுகிறது. ஏழு குன்றுகள், கற்காலச் சின்னங்கள், குடைவரை, கல்வெட்டு ஆகியனவும் அதில் இடம்பெறுகின்றன. இத்தகைய பறவைப் பட்டியல்களுக்குப் பின்னால் தன்னார்வ ஆர்வலர்களின் பல்லாண்டு உழைப்பு இருப்பதும், அவ்வுழைப்பு அரசிதழில் ஏறிய பின்னரே அறிவியல் என்னும் தகுதியைப் பெறுவதும் குறிக்கத்தக்கன.

2024 டிசம்பர் 24 அன்று சுரங்க அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்தில் இவ்விரு அளவைகளும் ஒன்றையொன்று சந்தித்தன. ஏலத் தொகுதியின் 20.16 சதுர கிலோமீட்டரில் பல்லுயிர்த் தலம் 1.93 சதுர கிலோமீட்டர் மட்டுமே என அவ்விளக்கம் கூறியது. தலத்தை விலக்கித் தொகுதியின் எல்லையை மறுவரையறை செய்ய இயலுமா என ஆராயுமாறு புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொள்வதாகவும் அறிவித்தது. ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே யார் எப்போது எதிர்ப்புத் தெரிவித்தார் என்ற வழக்கு அந்நாள்களில் செய்தித்தாள்களை நிறைத்தது. அவ்வழக்கைவிட இந்த ஒற்றைத் தொடரே ஆய்வுக்குரியது. அது சொல்லும் கணக்கு எளியது: நூற்றுக்குப் பத்துக்கும் சற்றுக் குறைவான நிலம் காக்கத்தக்கது, அதை வெட்டி எடுத்தபின் எஞ்சும் ஏறத்தாழ 1,822 எக்டேர் தோண்டத்தக்கது.

பாதுகாப்பிற்காக வரையப்பட்ட ஓர் எல்லை, அந்த எல்லைக்கு வெளியே உள்ளவற்றைக் கைவிடுவதற்கான எல்லையாக ஒரே மாதத்தில் மாறிய இடம் இது. பல்லுயிர்த் தல அறிவிப்பை எழுதியோர் இதை நோக்கமாகக் கொண்டிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் ‘அரியது’ என்ற அடிப்படையில் நிலத்தைக் காக்கும் எந்த அறிவியலும், அரியதல்லாத நிலத்தைப் பற்றி வாய் திறவாமலே ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறது. இம்மறுவரையறை நடைமுறைக்கு வராமல் ஏலம் முழுவதும் ரத்தானதற்குக் காரணம், எல்லைக்கு வெளியே இருந்த ஊர்கள் எல்லைக்கு உள்ளே இருந்த ஊரோடு சேர்ந்தே நடந்தன என்பதாகும். வல்லாளபட்டியும் கிடாரிபட்டியும் நரசிங்கம்பட்டியும் அரிட்டாபட்டியின் பெயரைத் தம் பெயராக ஏற்றன. அறிவியல் பிரித்த நிலத்தை ஊர்க்கூட்டம் இணைத்தது.

எல்லைக்குள் அடங்காத நீர்

2022ஆம் ஆண்டு அறிவிப்பைச் சற்றே நுணுகிப் படித்தால், அதனுள்ளேயே அந்த எல்லைக்கு எதிரான சான்று இருப்பது புலப்படும். ஏழு குன்றுகளும் நீர்ப்பிடிப்பாக இருந்து 72 ஏரிகளையும் 200 இயற்கைச் சுனைகளையும் 3 தடுப்பணைகளையும் வளப்படுத்துகின்றன என்று அது கூறுகிறது. பாண்டியர் ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆனைகொண்டான் கண்மாயும் அவற்றுள் ஒன்றாகச் சுட்டப்படுகிறது. குன்றுகளே பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் 1.93 சதுர கிலோமீட்டர் பரப்பிற்குள் 72 நீர்நிலைகள் இருக்க இயலாது. அவை குன்றுகளிலிருந்து வழியும் நீரைப் பெற்றுத் தாழ்நிலத்தில் சங்கிலியாக அமைந்தவை. அதாவது, அறிவிப்பு எந்த நீரைக் காரணமாகக் காட்டிக் குன்றைச் சிறப்பிக்கிறதோ அந்த நீர் அறிவிப்பின் எல்லையைத் தாண்டிச் சென்று, ‘எஞ்சிய’ நிலத்தில்தான் பயன்படுகிறது.

மதுரைச் சமவெளியின் பாசனத்தை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்துக்கால். இடையில் ஒரு கால்வாய் தூர்ந்தாலும், ஒரு மேட்டில் கழிவுக்கல் குவிந்தாலும், கீழேயுள்ள ஐந்து ஊர்களின் பங்கு குறையும். 1895இல் முல்லைப்பெரியாறு அணை நீரைக் கிழக்கே திருப்பிய பின்னர், பெரியாறு பிரதானக் கால்வாயின் பாசனமும் இக்கண்மாய்ச் சங்கிலியோடு பிணைந்தது. மேலூர்ப் பகுதி அப்பாசனத்தின் ஒருபோகப் பகுதி. கடைமடைக்கே உரிய நீர்க்கவலை நூறாண்டாக இங்கு உண்டு. அத்தகைய நிலத்தில் ஒரு குன்றைச் சுற்றி வேலியிட்டு, அதன் அடிவாரத்தைத் தோண்டலாம் என்று கருதுவது, நீரியல் என்னும் துறை இல்லாத ஓர் உலகில் மட்டுமே இயலும். நீர்வளத் துறையின் கண்மாய்ப் பதிவேடுகளும் நிலத்தடி நீர் அளவீடுகளும் அரசிடமே உள்ளன. அமைச்சகத்தின் விளக்கம் எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசியபோது அவற்றின் குரல் கேட்கவில்லை. அரசு அறிவியல் என்பது ஒரே குரல் அன்று. எந்தத் துறையின் குரல் எந்த நேரத்தில் அழைக்கப்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

கருப்பொருள் என்னும் கணக்கு

தமிழ் ஆய்வுலகில் சூழல் பற்றிய கட்டுரைகள் திணைக் கோட்பாட்டைத் தொடாமல் முடிவதில்லை. சங்ககாலத் தமிழர் சூழல் காப்பாளராக வாழ்ந்தனர் என்று நிறுவிவிட்டு அவை பெரும்பாலும் அமைதி கொள்கின்றன. அவ்வழி இங்குப் பயன்படாது. திணைக் கோட்பாட்டிலிருந்து இச்சிக்கலுக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் பெருமையன்று. நிலத்தை வகைப்படுத்தும் அதன் பட்டியல் முறையே. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. கருப்பொருள் வரிசையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு மக்கள் செய்யும் தொழிலையும் வைக்கிறது. பறவையும் உழவும் ஒரே பட்டியலின் இரு உறுப்புகள்.

இவ்வளவுகோலால் மேற்கண்ட ஆவணங்களை அளந்தால், புவியியல் குறிப்பு முதற்பொருளில் ஒரு கூறான நிலத்தையும், அதிலும் அதன் அடிப்பகுதியையும் மட்டும் காண்கிறது. பல்லுயிர் அறிவிப்பு கருப்பொருளுள் பறவையையும் விலங்கையும் தெய்வம் உறையும் குகையையும் எண்ணுகிறது. உணவையும் தொழிலையும் எண்ணவில்லை. இரண்டு ஆவணங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் நெல் விளைவிப்போரும் ஆடு மேய்ப்போரும் கண்மாயில் மீன் பிடிப்போரும் அதில் தென்படார். அவர்களை விடுத்து எழுதப்பட்ட நிலம் ஒன்று சுரங்கமாகிறது அல்லது சரணாலயமாகிறது. ஊராக இருப்பதற்கு அதில் இடமில்லை.

இது கோட்பாட்டு நயத்திற்காகச் சொல்லப்படுவதன்று. ரத்து அறிவிப்பின் சொற்களே இதற்குச் சான்று. பல்லுயிர்த் தலத்தின் இருப்பையும் பண்பாட்டுச் சின்னங்களையும் கருதி ஏலம் கைவிடப்படுவதாகச் சுரங்க அமைச்சகம் கூறியது. இந்நிலத்தில் வாழ்வோரின் வாழ்வாதாரம் அளக்கப்பட்டு, அதன் இழப்பு ஏற்கத்தக்கதன்று என்று முடிவுகட்டப்பட்டு ஏலம் நிற்கவில்லை. வல்லூறும் கல்வெட்டும் வென்றன. அவற்றின் நிழலில் வயல் பிழைத்தது. கல்வெட்டு இல்லாத ஊரில் இதே ஏலம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வினாவை எழுப்பாமல் இவ்வெற்றியைச் சூழல் நீதி என்று அழைப்பது அவசரமாகும்.

கருங்கல் தந்த பாடம்

கல்வெட்டு இருந்தும் காக்கப்படாத குன்றுகள் இவ்வட்டாரத்திலேயே உண்டு. கீழவளவு, கீழையூர் உள்ளிட்ட மேலூர் வட்டாரப் பகுதிகளில் நடந்த கருங்கல் வெட்டியெடுப்பு, 2012 மே மாதத்தில் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு எழுதிய அறிக்கையால் வெளிச்சத்திற்கு வந்தது. அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என அவ்வறிக்கை மதிப்பிட்டது. பின்னர் 2014 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது; 2015 நவம்பரில் அவர் தம் அறிக்கையை அளித்தார்.

அரசு அலுவலர் ஒருவர் நிலத்தை அளந்து எழுதிய எண்கள் ஆற்றல்மிக்க நலன்களுக்கு எதிராக நிற்க முடியும் என்பதற்கு இது அரிய எடுத்துக்காட்டு. எனினும் அதன் வரம்பையும் குறிப்பிட வேண்டும். பொதுமன்றத்தில் நிலைபெற்றது ரூபாய்க் கணக்கே. கருங்கல்லின் விலை அரசுக்குரியது, அது திருடப்பட்டது, திருட்டின் அளவு இவ்வளவு என்பதே வழக்கின் இலக்கணம். மறைந்த ஓடையும் தூர்ந்த கண்மாயும் தரிசான வயலும் அத்திருட்டின் பின்விளைவுகளாகப் பேசப்பட்டனவே தவிர, தனிக் குற்றங்களாகப் பொதுநினைவில் இடம்பெறவில்லை. வருவாய் இழப்பு இல்லாமல், முறைப்படி உரிமத்தொகை செலுத்தி அதே குன்று உடைக்கப்பட்டிருந்தால் அந்த இலக்கணத்தில் குற்றமே இல்லை. டங்ஸ்டன் ஏலம் அத்தகைய முறையான ஒன்று. மேலூர் மக்கள் ஏலத்தைக் கேட்டவுடன் கருங்கல் குழிகளை நினைத்தனர். அந்நினைவை வாதமாக்கத் தேவையான அரசுக் கணக்கோ ரூபாயில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

எண்ணுவோரும் அழிப்போரும்

சூழல் நீதி என்னும் சொல்லாட்சி உலக அளவில் பரவக் காரணமான நிகழ்வாக 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் வாரன் கவுண்டியில் நடந்த போராட்டம் சுட்டப்படுகிறது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதியில் நச்சுக் கழிவைப் புதைப்பதை எதிர்த்து எழுந்தது அது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம், தென்கிழக்குப் பகுதியின் நான்கு நச்சுக் கழிவிடங்களுள் மூன்று கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் அமைந்துள்ளதைக் கண்டறிந்தது. தெருவில் நின்று சொன்ன ஒன்றை அரசின் எண் உறுதிசெய்தபோதுதான் அது மறுக்க இயலாததாயிற்று. 1994இல் அதிபர் கிளிண்டன் பிறப்பித்த ஆணை 12898, நடுவணரசு அலுவலகங்கள் யாவும் சூழல் சுமை யார்மேல் விழுகிறது என்று பார்க்கக் கடமைப்படுத்தியது. 2015இல் சூழல் பாதுகாப்பு முகமை, ஊர்வாரியாக மாசையும் மக்கள்தொகையையும் ஒருங்கே காட்டும் வரைபடக் கருவியைப் பொதுமக்களுக்குத் திறந்தது.

2025 சனவரி 21 அன்று அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. மேலூரின் அம்பலகாரர்கள் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைத் தில்லியில் சந்தித்தது அதற்கு மறுநாள். பிப்ரவரியில் அந்த வரைபடக் கருவியும் அரசின் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. ஒரே வாரத்தில் ஓரிடத்தில் அரசு அறிவியல் மக்களுக்குத் துணைநின்றதும் மற்றோரிடத்தில் பறிக்கப்பட்டதும் ஒப்பிடத்தக்கன. நிர்வாக ஆணையால் வந்த எண்ணிக்கை நிர்வாக ஆணையாலேயே போகும். அரிட்டாபட்டிக்குத் துணைநின்ற பல்லுயிர் அறிவிப்புக்கோ சட்டத்தின் ஒரு பிரிவு அடித்தளமாக இருந்தது; உள்ளாட்சியைக் கலந்தே அறிவிக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் அப்பிரிவில் உண்டு. அமெரிக்க அனுபவத்தோடு வைத்துப் பார்க்கையில் அந்த அறிவிப்பின் வலிமை இன்னும் தெளிவாகிறது. ஆனால் அமெரிக்கக் கருவி கேட்ட கேள்வியை, அதாவது சுமை யாருக்கு என்பதை, இந்தியச் சூழல் தாக்க மதிப்பீடு தனிக் கேள்வியாக வைப்பதில்லை. சமூகப் பொருளாதார இயல் ஒன்று அதில் உண்டு. அதைத் தயாரிப்பவர் திட்ட நிறுவனம் அமர்த்திய ஆலோசகர்.

கேட்கும் இடம்

2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மதிப்பீட்டின் சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்பட வேண்டும். பொது விசாரணை அப்பகுதியிலேயே நடத்தப்பட வேண்டும். குறைகள் பல இருப்பினும், ஒரு சிற்றூரார் அரசு அறிவியலைத் தமிழில் எதிர்கொண்டு, ‘இக்கணக்கில் எங்கள் கண்மாய் எங்கே’ என்று பதிவேட்டில் ஏறும்படி கேட்க முடிந்த இடம் அதுவே. ஏல ஆவணங்களும் எல்லைப்புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளும் ஆங்கிலத்தில் இருந்தன. நாயக்கர்பட்டித் தொகுதி தங்கள் நிலம்தான் என்பதை மக்கள் பலர் ஏலம் முடிந்தபின் செய்தி வழியே அறிந்தனர். பொது விசாரணை என்னும் கட்டம் வருவதற்கு முன்பே ஏலம் நின்றுவிட்டதால், அவ்விடத்தின் தேவை இங்குச் சோதிக்கப்படவில்லை.

2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, அணுக் கனிமங்களையும் முதல் அட்டவணையின் டி பகுதியிலுள்ள முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்களித்தது. நாட்டுப் பாதுகாப்பும் மூலோபாயத் தேவையும் காரணமாகக் காட்டப்பட்டன. தமிழ்நாடு முதலமைச்சர் இதனைத் திரும்பப் பெறக் கோரிப் பிரதமருக்கு எழுதினார். டங்ஸ்டன் அந்த டி பகுதியில் உள்ளது. எனவே நாயக்கர்பட்டித் தொகுதியை ஒத்த ஒன்று இனி ஏலம் போனால், மதிப்பீடு எழுதப்படும். வல்லுநர் குழு ஆராயும். ஊரார் மட்டும் கேட்கப்படார். இக்குறிப்பாணையை மக்களாட்சிக்கு எதிரானது என்று மட்டும் விமர்சிப்பது போதாது. அறிவியல் நோக்கிலும் அது பிழையானது. மறுகால் எங்கே போகிறது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும் என்பன ஒரு பருவத்தில் வந்து போகும் ஆலோசகருக்குத் தெரியாதவை. பொது விசாரணை அத்தரவுகளைச் செலவின்றிப் பெறும் வழியாகவும் இருந்தது. அதை மூடிய மதிப்பீடு குறைந்த தரவுடன் எழுதப்படும் மதிப்பீடேயாகும்.

எஞ்சியோர்

ஊரார் என்ற சொல்லையும் ஐயமின்றி ஏற்க இயலாது. மேலூர் வட்டாரத்தின் நாட்டு அமைப்பில் அம்பலகாரர்கள் ஊரின் குரலாகப் பேசுவது நெடுங்கால மரபு. ஏல எதிர்ப்பில் அம்மரபு வியக்கத்தக்க ஒருங்கிணைப்பை அளித்தது. அதே வட்டாரத்தில்தான் 1997 சூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன்வந்தோரும் சாதியின் பெயரால் வெட்டிக் கொல்லப்பட்டனர். நிலத்தை இழப்போர் என்று எண்ணப்படுவோர் பட்டாதாரர். அந்நிலத்தில் நடவு நட்டும் களையெடுத்தும் வாழும் நிலமற்றோர்க்கு இழப்பதற்குப் பட்டா இல்லை. ஆகவே இழப்பீட்டுக் கணக்கிலும் இடமில்லை. பல்லுயிர்ப் பட்டியலில் தொழில் விடுபட்டது என்று மேலே கூறியதன் கூர்மையான பொருள் இதுவே. எஞ்சிய நிலத்திலும் எஞ்சியோர் உண்டு.

அவர்களை எண்ண அரசிடம் கருவி இல்லை என்று சொல்ல முடியாது. கிராம நிர்வாக அலுவலர் பருவந்தோறும் எழுதும் அடங்கலில் ஒவ்வொரு புல எண்ணிலும் என்ன பயிர், எந்தப் பாசனம் என்பது பதியப்படுகிறது. நூறுநாள் வேலைப் பதிவேட்டில் கூலி உழைப்போர் பெயர்கள் உள்ளன. உயிரியல் பன்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவையும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் எதிர்நோக்குகிறது; அரிய உயிர்களோடு நெல் வகைகளையும் மேய்ச்சலையும் மருந்துச் செடிகளையும் அதில் எழுத இடமுண்டு. இவற்றை யாரும் அறிவியல் என்று அழைப்பதில்லை. அடங்கல் வருவாய்த் துறையின் எழுத்து வேலை. பதிவேடு பல இடங்களில் ஒரு நடைமுறைக் கடமை. ஒரு தொகுதியை ஏலப் பட்டியலில் சேர்க்கும் முன் இவ்வேடுகளைப் புவியியல் குறிப்போடு ஒரே மேசையில் வைத்துப் படிக்க எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. பெரியாறு பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று மேலூர்ப் பகுதியினர் எழுப்பிய கோரிக்கை, 2020இல் காவிரிப் படுகைக்கு இயற்றப்பட்ட சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. எளிய நிலத்தை அதன் எளிமைக்காகவே காக்கும் ஒரே சட்ட வடிவம் இப்போதைக்கு அதுதான்.

இதற்கிடையில் அரியவற்றின் பட்டியல் நீள்கிறது. 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில்காடு, 4.97 எக்டேர் பரப்பில், மாநிலத்தின் இரண்டாம் பல்லுயிர் பாரம்பரியத் தலமாயிற்று. வரவேற்கத்தக்க செயல் அது. நாயக்கர்பட்டியைப் பொறுத்தவரை ரத்தானது ஏலம் மட்டுமே. 2021ஆம் ஆண்டின் புவியியல் குறிப்பு கோப்பில் அப்படியே இருக்கிறது. டங்ஸ்டன் டி பகுதியில் இருக்கிறது. அக்குறிப்பிற்கு எதிரே வைக்கத்தக்க நீர்க்கணக்கும் உழவுக்கணக்கும் தனித்தனி அலுவலகங்களின் தனித்தனி ஏடுகளில் சிதறிக் கிடக்கின்றன.